பூஜை போட்ட மிஷின்

மெயின் சுவிட்சின் இரும்புப் பிடியில் கைவைத்து மங்கையர்க்கரசி நின்றுகொண்டிருந்தாள். நின்றுகொண்டிருந்தாள் என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது. நிறுத்தி வைத்திருந்தார்கள், கல்யாண வீட்டு வாசலில் பன்னீர்ச்செம்பைக் கொடுத்துச் சின்னப் பெண்ணை நிறுத்திவைப்பதுபோல. ஐம்பதைத் தொடப்போகிற சின்னப் பெண். "போடுன்னா போடணும், நிறுத்துன்னா இறக்கணும். நடுவுல ஒன் மூளையை நுழைக்காத" என்று சொல்லிவிட்டு அவள் புருஷன் சங்கரசுப்பு பட்டறைக்குள் போயிருந்தார். மெயின் இருப்பது அடுக்களையின் பின்சுவரில். எதிரே முற்றம், முற்றம் தாண்டினால் தகரக் கொட்டகை, கொட்டகைக்குள் அந்த இழைப்பு மிஷின், அதன் இரண்டு பக்கமும் இரண்டு விஞ்ஞானிகள். ஒருவர் சங்கரசுப்பு. மற்றவன் அவர் தம்பி குற்றாலிங்கம், ஐ.டி.ஐ.யில் பாதியும் செங்கோட்டை டீக்கடைகளில் மீதியும் படித்தவன். நேற்று ஆயுத பூஜை. வேலையாட்கள் பொரிகடலைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள். நேற்றைக்கு ஆயுதத்தைத் தொடவே கூடாது, இன்றைக்குத் தொட்டே ஆகவேண்டும். விஜயதசமி அன்று நல்ல நேரம் முடிவதற்குள் ஒரு பலகையாவது இழைத்துவிடவேண்டும், இல்லையென்றால் வருஷம் பூராவும் பட்டறை விளங்காது. வருஷா வருஷம் இழைக்கத்தான் செய்கிறார்கள், எந்த வருஷம் விளங்கிற்று என்று அவள் கேட்டதில்லை. கேட்டால் அதற்கும் நடுவில் மூளையை நுழைத்ததாக ஆகும். பருப்பு அடுப்பில் இருந்தது. அணைத்தேனா? அணைத்துவிட்டுத்தான் வந்தேன். திருகின ஞாபகம் இருக்கிறது. ஆனால் அது நேற்றைக்குத் திருகின ஞாபகமாகவும் இருக்கலாம், அடுப்பைத் திருகுகிற ஞாபகமெல்லாம் ஒரே அச்சில் வார்த்தது, எது எந்த நாள் என்று யார் கண்டது.

முதல் 'போடு'வுக்கே அந்த மிஷின் தன் குணத்தைக் காட்டிவிட்டது. இவள் பிடியை மேலே தூக்கினாள், அவ்வளவுதான், அங்கே பச்சைப் பொத்தானை யாரும் தொடவேயில்லை, அதற்குள் ஊளையிட்டுக்கொண்டு ஓட ஆரம்பித்தது. விஞ்ஞானிகள் இருவரும் பின்னால் துள்ளினார்கள். சங்கரசுப்புவுக்கு வேட்டி ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். "அம்பாள் இறங்கிட்டாண்ணே" என்றான் குற்றாலிங்கம், சிரிப்பும் நடுக்கமுமாக. சிவப்புப் பொத்தானை அமுக்கினால் நின்றது. விரலை எடுத்தால் மறுபடி ஓடியது. அமுக்கு, நிற்கும், எடு, ஓடும். இதை இருவரும் மாறி மாறிச் செய்து பார்த்தார்கள், ஒருவர் விரலைவிட மற்றவர் விரலுக்குக் கூடுதல் படிப்பு இருக்கும் என்பதுபோல. "காயில் போச்சுண்ணே. ஸ்டார்ட்டர்ல காயில் சூடாயி ஒட்டிக்கிட்டு. புதுசுதான் போடணும்." "இன்னைக்கு எந்த எழவெடுத்தவன் கடை தொறந்திருப்பான்?" "புது ஸ்டார்ட்டர் எதுக்குண்ணே, நம்ம மைனி இருக்காங்கள்லா. மெயின்லயே நிறுத்திருவோம். போடுன்னா போடுவாங்க, நிறுத்துன்னா நிறுத்துவாங்க." "அது பேசுத ஸ்டார்ட்டர்ல்லா. பேச்சை நிறுத்தத்தான் பொத்தான் கெடையாது." முற்றம் முழுக்கக் கேட்கும்படி அண்ணனும் தம்பியும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். பாளையங்கோட்டையில் கன்னியாஸ்திரீகளிடம் பத்து வருஷம் படித்து, தும்மினால்கூட மன்னிப்புக் கேட்கிற பழக்கத்தோடு இந்த வீட்டுக்கு வந்தவளுக்குக் கடைசியில் கிடைத்த உத்தியோகம் இது. அம்மா பார்த்தால் மெச்சுவாள். மாப்பிள்ளைக்குச் சொந்தமாகப் பட்டறை இருக்கிறது, மிஷின் இருக்கிறது என்று ஊர் பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்தவள். மிஷினுக்குப் பெண் கொடுத்தாளோ, மனுஷனுக்குக் கொடுத்தாளோ.

பலகையை உள்ளே விட்டார்கள். அடுத்த பக்கம் வந்தது, வந்ததும் இருவரும் குனிந்து தடவிப் பார்த்தார்கள். மேலெல்லாம் வரிவரியாக அலை, ரவை உப்புமா ஆறிப்போனால் மேலே விழுமே அந்த மாதிரி. ஒரு விஞ்ஞானி கத்தி மழுங்கிவிட்டது என்றார். இன்னொருவன் பேரிங் போய்விட்டது என்றான். பேரிங்குக்குக் கிரீஸ் அப்பினான். அடுத்த பலகைக்கு பெல்ட் கத்தியது, கழுத்தைத் திருகின கோழி மாதிரி. பெல்ட்டை இழுத்து இறுக்கினார்கள். கூடுதலாகக் கத்தியது. கத்தாதா? நேற்றைக்கு மிஷினுக்குப் பளபளப்பு வரவேண்டும் என்று தேங்காய் எண்ணெயைத் துணியில் முக்கி உடம்பெல்லாம் தேய்த்தது யார்? மிஷினுக்கு எண்ணெய்க் குளியல். பெல்ட்டில் எண்ணெய் பட்டால் வழுக்கும், வழுக்கினால் கத்தி உருளை முழு வேகத்தில் சுற்றாது, சுற்றாவிட்டால் சீவாமல் கடித்துக் கடித்துப் பிடுங்கும். இட்லி கிரைண்டரின் பெல்ட்டில் எண்ணெய் சொட்டினபோது மாவு அரைபடாமல் குழவி குதித்ததே, அதைவிட என்ன பெரிய சாஸ்திரம் இது. "ஏங்க, பெல்ட்டை ஒரு தடவை நல்லாத் தொடச்சுப் பாருங்களேன்" என்று அப்போதே சத்தம் போட்டுச் சொன்னாள். "ஒன்கிட்ட மெயினைத்தான் குடுத்திருக்கு" என்று பதில் வந்தது. சரி. மெயினையே வைத்துக்கொள்கிறேன். மூன்றாவது பலகை பாதியில் சிக்கிக்கொண்டது; மரச்சீவல் உள்ளே போய் உருளையைச் சுற்றி அடைத்துக்கொண்டுவிட்டது. மோட்டார் உறுமியது, எரிகிற வாடை வந்தது, "நிறுத்து நிறுத்து" என்று இருவரும் ஒரே தொண்டையில் அலறினார்கள், இவள் பிடியில் கையை வைத்து இறக்கப் போகிற அதே நேரத்தில் கரண்ட் போய்விட்டது. தெருவுக்கே போய்விட்டது. டியூப்லைட் அணைந்து கொட்டகை இருண்டது, எதிர்வீட்டு டிவி நின்றது, அம்மன் கோவில் ஒலிபெருக்கி பாட்டின் நடுவில் வாயை மூடிக்கொண்டது. "நல்லதாப் போச்சு, கரண்டு இல்லாதப்பவே சீவலை எடுத்துருவோம்" என்று சங்கரசுப்பு மிஷினின் மேல்மூடியைக் கழற்றினார். கழற்றிவிட்டுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வலது கையை உள்ளே விட்டார்.

முழங்கை வரைக்கும் போய்விட்டது. இங்கேயிருந்து பார்த்தால் சட்டைக் கை மட்டும் தெரிகிறது, கை தெரியவில்லை. அந்த உருளையில் நாலு கத்தி. போன மாதம்தான் சாணை பிடித்து வாங்கி வந்தார். காகிதத்தை அதன்மேல் போட்டு, தானாக இரண்டாக விழுவதை எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார், பரிசு வாங்கின பிள்ளை மாதிரி. மரக்கடைக்காரர் வீட்டுக் கல்யாணங்களுக்குப் போய் உட்கார்ந்தால் அவளுக்கு ஒரு பழக்கம், யாராவது கும்பிட்டால் முகத்தைப் பார்க்கமாட்டாள், கும்பிட்ட கையைப் பார்ப்பாள். ஒருத்தருக்குச் சுண்டுவிரல் பாதி இருக்காது. ஒருத்தருக்கு இரண்டு விரல் சேர்ந்தாற்போல் நுனி இருக்காது, பாயசம் குடிக்கும்போது டம்ளர் வழுக்கும். அதைப் பற்றி ஒருவருக்கும் வெட்கமில்லை. 'மிஷின் தட்சிணை வாங்கிட்டு' என்று சொல்லிச் சிரிப்பார்கள், பக்கத்தில் அவர்கள் பெண்டாட்டிகளும் சிரிப்பார்கள். அந்தப் பெண்டாட்டிகள் வீட்டில் சட்டைப் பொத்தானைப் போட்டுவிடுகிறவர்கள், சோற்றைப் பிசைந்து உருட்டிக் கொடுக்கிறவர்கள். இவருக்கும் பிசைந்து கொடுக்கவேண்டி வந்தால்? குழம்பு கொஞ்சம் கூடினால் 'என்ன சளசளன்னு' என்பார், குறைந்தால் 'என்ன கட்டியா' என்பார். உருண்டையை வாய்க்குக் கொண்டுபோகிறபோதும் சும்மா இருக்கமாட்டார், மென்றுகொண்டே குற்றம் சொல்வார். குளிப்பாட்டவேண்டும். மற்றதும் உண்டு. சே. எதற்கு இப்போது இதெல்லாம். கரண்ட்தான் இல்லையே. கரண்ட் இல்லாத மிஷின் வெறும் இரும்பு, பீரோ மாதிரி, பீரோவுக்குள் கையை விட்டால் யாராவது பயப்படுவார்களா. பருப்பு வாடை வருகிறதா? வரவில்லை. தீயும் வாடை வந்தது மோட்டாரிலிருந்துதான். தேங்காய் எண்ணெய் தீய்ந்த வாடை, பையன் பிறந்தபோது பிரசவ அறையில் ஒரு நர்ஸ் தலையிலிருந்து வந்ததே, அதேபோல.

வெறும் இரும்புதானா? அங்கேதான் மனசு போய்ப் போய் முள்ளில் சேலை மாட்டினதுபோல் மாட்டிக்கொண்டது. மிஷின் நின்றிருக்கிறது. யார் நிறுத்தினது? சிவப்புப் பொத்தானை யாரும் அமுக்கவில்லை. அமுக்கினாலும் எடுத்ததும் ஓடும். இவளும் மெயினை இறக்கவில்லை. இறக்கப்போன கை அப்படியே இருக்கிறது, பிடி மேலேதான் இருக்கிறது. ஆக யாரும் நிறுத்தவில்லை. காயில் ஒட்டிக்கொண்டது என்று அவன் சொல்கிறான். ஐ.டி.ஐ. பாதி. ஏன் ஒட்டவேண்டும், முந்தாநாள் வரைக்கும் நன்றாகத்தானே ஓடிற்று? முந்தாநாளுக்கும் இன்றைக்கும் நடுவில் என்ன நடந்தது? பூஜை நடந்தது. ஸ்டார்ட்டர் பெட்டிக்கும் பொட்டு வைத்தார்கள். குற்றாலிங்கத்தின் கைவண்ணம். அவன் வைப்பது பொட்டா, சுவருக்குச் சாணி அப்புவதுபோல் உள்ளங்கையால் சந்தனத்தை அள்ளி அப்பி, பெட்டி முகம் முழுக்க மூன்று பட்டை இழுத்து, நடுவில் பச்சைப் பொத்தான்மேல் கட்டைவிரலை வைத்துக் குங்குமத்தை அழுத்தித் திருகினான். அழுத்தி. மெயின் இறக்கியிருந்ததால் நேற்று அது ஓடவில்லை. ராத்திரி முழுக்கச் சந்தனம் காய்ந்தது. குருவிச் சத்தம் போடுகிற வாசல் மணிக்கும் இதே கதிதானே ஆயிற்று, பெயின்ட் அடித்தவன் சுவரோடு சேர்த்துப் பொத்தான்மேலும் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் போக, பொத்தான் அமுங்கினபடியே காய்ந்து, வீடு முழுக்கக் குருவி கத்திக்கொண்டே இருந்ததே. அண்ணனும் தம்பியும் ஏணியைப் போட்டு ஒயரைப் பிரித்துக்கொண்டிருந்தபோது இவள் கொண்டை ஊசியால் பொத்தானை நெம்பிவிட்டாள், குருவி நின்றது. 'ஒயர் இப்பதான் சரியாச்சு' என்றார்கள். அந்தப் பச்சைப் பொத்தானும் அமுங்கித்தான் இருக்கிறது. அதன் கணக்கில் யாரோ இன்னும் ஓடு ஓடு என்று அமுக்கிக்கொண்டேயிருக்கிறார்கள். மிஷின் நிற்கவில்லை. கரண்ட் வரவில்லை, அவ்வளவுதான். வந்தால் ஒரு வினாடி யோசிக்காது.

"ஏங்க" என்றாள், தன் குரலே யாரோ பக்கத்து வீட்டுக்காரி குரலாகக் கேட்டது, "மெயினை இறக்கிரட்டுமா?" "இறக்காத!" கை உள்ளே இருக்கத் தலையை மட்டும் திருப்பினார். "இறக்கிட்டா கரண்டு வந்தது எப்படித் தெரியும்? மேல டியூப்லைட்டு அந்த மெயின்லதான் ஓடுது. லைட்டு எரிஞ்சா கையை எடுத்துருவேன்ல்லா." லைட் எரிந்தால் கையை எடுத்துவிடுவாராம். டியூப்லைட் கண் சிமிட்டி, சிமிட்டி, யோசித்து எரிவதற்குள் அந்த உருளை எத்தனை சுற்று சுற்றியிருக்கும். இந்த வீட்டில் எரிவதற்கு அதைவிட நேரம் எடுப்பது ஒன்று உண்டென்றால் அது சங்கரசுப்புவின் புத்தி. "லைட்டு எரியறதுக்கு முந்தி மிஷின் சுத்திரும்ங்க. அந்தப் பச்சைப் பொத்தான் அமுங்கிப்போய் இருக்கு. சந்தனம் காய்ஞ்சு பிடிச்சிருக்கு. அதைச் சுரண்டி விடச் சொல்லுங்க." குற்றாலிங்கம் ஸ்டார்ட்டர் பெட்டியைப் பார்த்தான், ஒரு கணம் பார்த்தான், பிறகு காதைத் தொட்டுக்கொண்டான். "மைனி, பூஜை போட்ட மிஷின். மூணா நாள் தண்ணி தெளிக்காம பொட்டை அழிக்கக் கூடாது. நீங்க சிஸ்டருங்ககிட்ட படிச்சவுக, ஒங்களுக்கு இதெல்லாம் தெரியாது." "ஆமாமா, அவளுக்கு அங்க வேற சாமி" என்றார் அவர், மிஷினுக்குள்ளிருந்து ஒரு கைப்பிடி சீவலை எடுத்துக் கீழே போட்டு, மறுபடியும் உள்ளே விட்டுக்கொண்டே. "நல்ல நேரம் போயிட்டு இருக்கு. நான் சொல்லாம அதுல கை வைக்காத. கேட்டுச்சா?" பொட்டை அழிக்கக் கூடாது. மிஷின் பொட்டை. அவள் தன்னையறியாமல் இடதுகை விரலால் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், தொட்டதற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. இந்தக் கூட்டத்தோடு இருந்து இருந்து தனக்கும் பிடித்துவிட்டது பைத்தியம்.

நான் சொல்லாமல் கை வைக்காதே. இதையே எத்தனை குரலில் கேட்டாயிற்று. பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் கணக்கிலும் ஓட்டத்திலும் பரிசு வாங்கும்போது வருஷா வருஷம் அவளுக்கு நன்னடத்தைப் பரிசு கிடைக்கும், ஒரு நீல ரிப்பன். சொன்னதைச் சொன்னபடி செய்கிற பிள்ளை. இரு என்றால் இருக்கும், எழு என்றால் எழும். அந்த ரிப்பனை அம்மா கண்ணாடிச் சட்டத்தில் மாட்டிப் பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காட்டினாள், அவர்களும் மெச்சித்தான் கட்டிக்கொண்டு வந்தார்கள், வாய் மட்டும் பிறகுதான் முளைத்தது என்பது அவர்கள் புலம்பல். வாய்தான் முளைத்தது. வாயால் எதையும் பேசலாம், திட்டலாம், குத்திக் காட்டலாம், எல்லாம் பேசி முடித்துவிட்டுச் சொன்னதைச் செய்துவிடவேண்டும். இந்த வீட்டின் ஏற்பாடு அதுதான். இவ்வளவு வருஷமாக வாய் ஒரு பக்கம் போனால் கை மறுபக்கம் போயிருக்கிறது. ரேஷன் கார்டிலிருந்து பையனின் காலேஜ் வரைக்கும் எதில் அவள் கை அவள் சொன்னதைக் கேட்டது? அந்தக் கை இப்போது பிடியின்மேல் இருக்கிறது. வேர்த்து, இரும்பு வாடை அடித்துக்கொண்டு. இறக்கினால் என்ன செய்வார்? கத்துவார். தம்பி முன்னால் கத்துவார், அது ஒரு வாரம் ஓடும், தீபாவளிச் சேலை எடுக்கப் போகும்போதும் வரும். இறக்காவிட்டால்? அவர் அங்கே வாயைப் பிளந்துகொண்டு, நாக்கை ஒரு ஓரமாகக் கடித்துக்கொண்டு துழாவுகிறார், அடுக்களை டப்பாவுக்குள் கைவிட்டு முறுக்கைத் தேடுகிற அதே முகம். அந்த முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவேயில்லை. முட்டாள். மூடி திறந்த சிங்கத்தின் வாய்க்குள் முறுக்குத் தேடுகிற முட்டாள். உன்னைக் கேட்டுக்கொண்டா நான் உன் கையைக் காப்பாற்றவேண்டும்?

பிடியைக் கீழே இழுத்தாள். இறுகிப்போன பிடி, சுலபத்தில் வரவில்லை, இரண்டு கையாலும் தொங்கித்தான் இழுக்கவேண்டியிருந்தது; டொக்கென்று விழுந்தது. இருவருக்கும் கேட்கவில்லை. அண்ணன் சீவலைப் பற்றியும் தம்பி பேரிங்கைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். அதோடு அவளுக்குத் திருப்தி வரவில்லை. குற்றாலிங்கம் ஓடிவந்து தூக்கிவிட்டால்? பெட்டியைத் திறந்து மூன்று பியூஸ் கட்டைகளையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள், வெள்ளைப் பீங்கான், கனமாகக் கொழுக்கட்டை மாதிரி, முந்தானையில் போட்டு முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பருப்பைப் பார்த்துவிட்டு வரலாமா என்று நினைத்தாள். நகர முடியவில்லை. ஒரு காக்கை தகரத்தின்மேல் இறங்கி நடந்தது, அதன் நகம் ஒவ்வொன்றும் கேட்டது. பிறகு, முன்னால் ஒரு சத்தமும் இல்லாமல், தெரு முழுக்க ஒரே நேரத்தில் உயிர் வந்தது. எதிர்வீட்டு டிவியில் யாரோ விட்ட இடத்திலிருந்து அழுதாள். தண்ணி மோட்டார் உறுமியது. அம்மன் கோவில் ஒலிபெருக்கி முதலிலிருந்து பாட ஆரம்பித்தது. கொட்டகை மட்டும் இருட்டாகவே இருந்தது. அதற்குள் சங்கரசுப்பு குனிந்தபடி, கையை உள்ளே வைத்தபடி, அப்படியே நின்றார்.

"கரண்டு வந்துட்டே, நமக்கு ஏன் லைட்டு எரியல?" என்றார். "பேஸ் போயிருக்கும்ணே. ஒரு பேஸ் வந்து ஒண்ணு வராது, அப்படித்தான் விடுவானுவ." "இல்லலே, லைட்டு பட்டுப்போச்சோ என்னமோ. சோக்கைப் பாரு." மேலும் இரண்டு நோய் கண்டுபிடித்துவிட்டார்கள். குற்றாலிங்கம் தூணில் கையை ஊன்றி அண்ணாந்து சோக்கைப் பார்த்தான், பிறகுதான் முற்றத்துப் பக்கம் திரும்பினான். "மைனி, மெயின் ஏறியிருக்கான்னு பாருங்க." "இறக்கிட்டேன்" என்றாள் அவள். "இறக்கிட்டியா? ஆரைக் கேட்டு இறக்குன?" சங்கரசுப்புவின் குரல் தகரத்தில் மோதித் திரும்பியது. "எத்தனை தடவை சொன்னேன், நான் சொல்லாம தொடாதன்னு! நல்ல நேரம் முடியப்போகுது, இங்க ஒருத்தன் இருட்டுல தடவிட்டு நிக்கேன், நீ அங்க ஒன் இஷ்டத்துக்கு ஏத்துவ, இறக்குவ. ஒனக்கென்ன வெளையாட்டா? வருஷத்துக்கு ஒரு நாள், ஒரு நாள் ஒரு சொல்லு கேக்கத் துப்பில்ல." தெரு முழுக்க ஓடிக்கொண்டிருந்த கரண்டுக்கு நடுவில், அந்த நாலு கத்திக்கும் இடையில் கையை வைத்துக்கொண்டே திட்டினார். ஒரு சொல்லுக்கும் கை அசையவில்லை. "மொதல்ல கையை வெளிய எடுங்க" என்றாள் மங்கையர்க்கரசி. "எடுத்துட்டுத் திட்டுங்க." அவர் எடுத்தார். மரத்தூளும் கிரீஸுமாக முழங்கை வரைக்கும் அப்பியிருந்த கையை வெளியே எடுத்து, ஆள்காட்டி விரலை அவளைப் பார்த்து நீட்டி, ஆட்டி ஆட்டி, விட்ட இடத்திலிருந்து திட்ட ஆரம்பித்தார். என்ன சொல்கிறார் என்று அவள் கேட்கவில்லை. அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.